சாவடி சூசையின் மகன்

உட்காருங்கம்மா. அந்தக் கல்லு மேல வேணாம், எழுந்திரிங்க, அது எல்லைக்கல்லு. இந்த நாற்காலியில உட்காருங்க. இப்ப நீங்க தமிழ்நாட்டுல இருக்கீங்க. காலைக் கொஞ்சம் நீட்டினா புதுச்சேரி. நல்லா நீட்டிக்குங்க, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எல்லையெல்லாம் போயி எழுபது வருஷம் ஆவுது.

கல்லுகிட்ட வைக்கப்போற சரித்திரப் பலகை விஷயமாத்தானே வந்திருக்கீங்க? முன்னாடி ஒரு தம்பி வந்தாரு, உங்க மரபுக் குழுதான், தாடி வெச்சவரு. வந்தவரு நேரா அந்தாண்ட வீட்டுக்குப் போயி தனக்கோடி அக்காகிட்ட பேசிட்டு, காபி குடிச்சுட்டுப் போயிட்டாரு. கல்லு இருக்கிறது எங்க வாசல்ல. சரித்திரத்தை எதிர்வீட்டுல போயிக் கேட்டா எப்படி? அவங்க சொன்னதை அப்படியே எழுதிட்டாரு. அதனால வந்த வினைதான் எல்லாம். நீங்களாவது நேரா இங்க வந்தீங்க, சந்தோஷம்.

என் பேரு இஞ்ஞாசி. மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ஓய்வு வாங்கினவன். ஆனா உங்க பலகைக்கு வேண்டியது நான் இல்ல, எங்கப்பா. பேரு சூசைநாதன். ஊருல சாவடி சூசைன்னாதான் தெரியும்.

இந்த ஊரு நொச்சூரும்மா. ஒரே ஊரு, ஒரே தெரு. வெள்ளைக்காரன் காலத்துல அந்தச் சாரி பிரெஞ்சுக்காரனுக்கு, இந்தச் சாரி இங்கிலீஷ்காரனுக்கு. கோயில் அந்தாண்ட, ஆறு இந்தாண்ட. இங்கிலீஷ்காரன் நாப்பத்தேழுல மூட்டை கட்டிட்டான். பிரெஞ்சுக்காரன் கட்டல, ஐம்பத்துநாலு வரைக்கும் உட்கார்ந்திருந்தான். அந்த நடுவுலதான் இங்க கெடுபிடி. அந்தாண்ட பவுன் மலிவு, வாட்சு மலிவு, பிராந்தி தண்ணிபட்ட பாடு. இந்தாண்ட மதுவிலக்கு. சும்மா இருப்பானா மனுஷன்? அதனால நம்ம அரசாங்கம் இந்தக் கல்லுகிட்ட ஒரு சுங்கச் சாவடி போட்டு, தெருவுக்குக் குறுக்கால மூங்கில் கட்டிடுச்சு. அந்த மூங்கிலைத் தூக்கி எறக்குற பியூன் எங்கப்பா.

அவரு எப்படிப்பட்டவருன்னு ஒரே வார்த்தையில சொல்லிடறேன். அவரு அங்க நின்ன காலம் பூரா, எல்லையம்மன் ஊர்வலத்துல ஒரு குந்துமணி கடத்தல் சாமான் பிடிபட்டது கிடையாது. அவ்வளவு பயம் சனங்களுக்கு.

எல்லையம்மன் ஊர்வலம்னா மாசி மகம். ஆத்தா அந்தாண்ட கோயில்லேருந்து பல்லக்குல கிளம்பி, இந்தாண்ட ஆத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போவணும். காலங்காலமாப் போயிட்டிருந்தவ, திடீர்னு குறுக்கால மூங்கிலு. சாமின்னு விட முடியுமா? கழுத்து நிறைய நகை. சட்டம்னா சட்டம். எங்கப்பா மூங்கிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, எல்லாரையும் கேக்கிற மாதிரி அவளையும் கேட்டிருக்காரு, யாரு வர்றது, கையில என்னன்னு. பூசாரி பதில் சொல்லியிருக்காரு: ஆத்தா வர்றா, போவும்போது இருக்கிறதுதான் வரும்போதும் இருக்கும். எங்கப்பா பல்லக்கை ஒரு சுத்து சுத்தி வந்து, ‘சரியா இருக்கு’ன்னு சொல்லி மூங்கிலைத் தூக்கியிருக்காரு. திரும்பி வரும்போதும் அதே கேள்வி, அதே பதிலு. சாவடி இருந்த வரைக்கும் இப்படித்தான்.

பிரெஞ்சுக்காரன் போனான், சாவடியைப் பிரிச்சுட்டாங்க. மறு மாசி மகத்துக்கு ஆத்தா வர்றா, மூங்கிலும் இல்ல, மனுஷனும் இல்ல. தூக்குற ஆளுங்க கல்லுகிட்ட வந்ததும் தானா நின்னுட்டாங்களாம். போங்கடான்னா கால் நகரல. பூசாரிக்கு அருள் வந்து, ‘என்னை யாரும் கேக்கலியே’ன்னு அழுதாளாம் ஆத்தா. அப்புறம் எங்க வீட்டுக்கு ஓடிவந்து, கைலியோட உட்கார்ந்து பல்லு விளக்கிட்டிருந்த எங்கப்பாவை இழுத்துட்டுப் போயி, வேலியில ஒரு மூங்கிலை உருவிக் கையில குடுத்து, கேளுடா சூசைன்னாங்களாம். கேட்டாரு. ஆத்தா நகர்ந்தா. அன்னையிலேருந்து அது எங்க குடும்பத்துப் பாத்தியதை. அப்பாவுக்கப்புறம் நான். மூங்கிலைத் தூக்கினதும் எனக்குத்தான் முதல் மாலை, பரிவட்டம்.

எங்க பங்குச் சாமியார் ஒரு தடவை கேட்டாரு, ஞாயித்துக்கெழமை பூசைக்கு வராதவன் அம்மன் ஊர்வலத்துக்கு மட்டும் முதல் ஆளா நிக்கிறியேன்னு. அது பக்தி இல்லை சாமி, டியூட்டின்னு சொல்லிட்டேன்.

இதுல ஒரு அதிசயம் உண்டு, அதைக் கண்டிப்பா எழுதணும் நீங்க. ஆத்தா போவும்போது பல்லக்கு கனக்கும். எட்டுப் பேரு தூக்கினாலும் தோள்பட்டை இறங்கும், வேர்த்து ஊத்தும். வரும்போது பூ மாதிரி வருவா. நாலு பேரு போதும், மத்தவங்க பேசிக்கிட்டே வருவாங்க. சின்ன வயசுல நான் அப்பாவைக் கேட்டேன், ஏன்னு. அவரு சொன்னாரு, ஆத்தா ஊர்ப் பாவத்தையெல்லாம் சுமந்துட்டுப் போயி ஆத்துல கரைச்சுட்டு வர்றாடா. எவ்வளவு அழகான தத்துவம் பாருங்க. பியூன் வேலை பார்த்தவரு.

அவரு நேர்மைக்கு அத்தாட்சி இந்த வீடேதான். அந்தக் காலத்துல இந்தச் சாரியில முதல் ஓட்டு வீடு இது. பியூன் சம்பளத்துல கட்டினாரு. அவ்வளவு சிக்கனம். அந்தாண்ட சாரிக்காரங்க மரியாதைக்கு ஒரு கைக்கடிகாரம் போட்டாங்க அவருக்கு, வெளிநாட்டு அயிட்டம். எதுக்கு? ஒண்ணுமே பிடிக்காததுக்கு. எந்த ஊருலயாவது சுங்கக்காரனுக்குக் கடத்தல்காரங்க மரியாதை செஞ்சு பார்த்திருக்கீங்களா? நேர்மைன்னா எதிரியும் கையெடுப்பான்.

இப்பல்லாம் பேதம் எதுவும் கிடையாதும்மா. நாங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு. அந்தாண்ட கரண்டு பில்லு கம்மி, பெட்ரோல் கம்மி, அதனால மனசு கொஞ்சம் எரியும், வேற ஒண்ணுமில்ல. அவங்க குப்பை வண்டி காலையில வரும், எங்களுது என்னைக்காவது வரும். அவங்க வீட்டுக் கெழவங்க இன்னைக்கும் தெருவைத் தாண்டி டீ குடிக்க வந்தா, இந்தியாவுக்குப் போயிட்டு வர்றேன்னுதான் சொல்லுவாங்க. எம் பொண்ணுக்கு அந்தச் சாரியிலேருந்து ஒரு வரன் வந்தது, நல்ல பையன், நம்ம சபைதான். வேணாம்னுட்டேன். பேதம்னு இல்ல. அவங்க பழக்கவழக்கம் வேற.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன டிசம்பர்ல உங்க குழு எங்க தெருவுல விழா எடுத்தாங்க இல்லையா, ரெண்டு ஆட்சி பார்த்த தெருன்னு சொல்லி? நடுத்தெருவுல பந்தல். கரண்டு அந்தாண்டலேருந்து இழுத்தாங்க. அங்க மேடையில தனக்கோடி அக்காவை உட்கார வெச்சு மைக்கைக் குடுத்தாங்க. அவங்களுக்கு எண்பது தாண்டிடுச்சு. அவங்க அப்பாதான் அந்தக் காலத்துல கோயில் தர்மகர்த்தா, இப்ப அவங்க புள்ளை. கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு இறங்கலாம். அந்தம்மா சொல்லுது, சாவடி சூசை எங்க ஆளு, அவருக்கு எல்லாம் தெரியும், ஆத்தா பீடத்துக்கு அடியில பெட்டி உண்டு, வாட்சும் பவுனும் பிராந்தியும் அதுலதான் போவும், அவரு கண்டும் காணாம மூங்கிலைத் தூக்கலேன்னா மழையில்லாத அந்த ரெண்டு வருஷமும் இந்தத் தெருவுல அடுப்பு எரிஞ்சிருக்காதுன்னு.

அம்மா, சனங்க கை தட்டுறாங்க. எங்கப்பாவைத் திருடனுக்குக் கூட்டாளின்னு மைக்குல சொல்றாங்க, கை தட்டுறாங்க. இந்தச் சாரிக்காரங்களும் தட்டினாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சது. மேடைக்கிட்ட போயி, சொன்னதை வாபஸ் வாங்குங்கன்னேன்.

‘நான் என்னடா திருடன்னா சொன்னேன்? நல்லவன்னு சொன்னேன்.’

‘எங்கப்பா நேர்மையானவரு’ன்னேன்.

‘நேர்மையானவனா இருந்திருந்தா நாங்க எல்லாரும் ஜெயில்ல இருந்திருப்போம்’ன்னாங்க.

அதுக்கும் கை தட்டினாங்க.

அப்புறம்தான் பலகை எழுதுற பேச்சு வந்தது. தாடித் தம்பி மாதிரிக்கு ஒண்ணு எழுதிக் காட்டினாரு. ‘எல்லைக் காவலர் சூசைநாதன் மக்களோடு கைகோத்து’ன்னு ஆரம்பிக்குது. கைகோத்து! கல்லு எங்க வாசல்ல, பலகை எங்க வாசல்ல, நான் தெனம் காலையில கதவைத் திறந்தா அதைப் படிக்கணும். எம் பேரப்புள்ளைங்க படிக்கணும். எங்கப்பா பேரு கெட்டுப் போறதை நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கணுமா? தூக்கம் போச்சும்மா எனக்கு. சோறு எறங்கல.

யோசனை பண்ணி ஒரு முடிவுக்கு வந்தேன். அப்பா பல்லக்கை ஒரு சுத்து சுத்திதான் வருவாரு, பீடத்தைத் திறந்து பார்த்தது கிடையாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நானும் திறந்ததில்ல. அம்மன் உட்கார்ந்திருக்கிற பீடத்துல ஒரு வேதக்காரன், கிறிஸ்தவன், கை வைக்கிறதான்னு ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தைத்தான் அந்தம்மா கதையாக் கட்டிவிட்டிருக்குது. இந்த வருஷம் திறந்துடறதுன்னு முடிவு பண்ணேன். ஊரு சனம் மொத்தமும் பார்க்க, பீடத்து மேல இருக்கிற பட்டுத்துணியைத் தூக்கி, கொண்டியை எடுத்து, உள்ள வெறும் மரக்கட்டைதான், வேறொண்ணும் கிடையாதுன்னு காட்டிட்டா கதை முடிஞ்சது. இப்ப இல்லேன்னா அப்பவும் இல்ல. என் கணக்கு சரிதானே?

யாருகிட்டயும் சொல்லல. ஆனா சாட்சி வேணும் இல்லையா? உள்ளூர் சாட்சியை யாரு நம்புவா? மெயின் ரோட்டுல மதுவிலக்கு செக்போஸ்ட்டு இருக்குது, பார்த்திருப்பீங்க. அந்தாண்டலேருந்து பாட்டில் வராம பார்க்கிறதுக்கு. அங்க புதுசா ஒரு எஸ்.ஐ. வந்திருந்தாரு, தெக்கத்திக்காரரு, கண்டிப்பான ஆளுன்னு பேரு. ஒரு தட்டுல பழம் வெச்சு எடுத்துட்டுப் போயி, எங்க ஊர் மாசி மகத்துக்கு நீங்கதான் சிறப்பு விருந்தினர், கல்லுகிட்ட என் பக்கத்துல நிக்கணும்னு கூப்பிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். யூனிஃபார்ம்ல வரவா, வேட்டியில வரவான்னாரு. யூனிஃபார்ம்ல வாங்க, எடுப்பா இருக்கும்னு சொன்னவன் நான்தான்.

இருங்கம்மா. கையில இருக்கிற போன் இன்னும் பதிவு பண்ணுதா? அதை அணைச்சுடுங்க. நல்லா அணைச்சீங்களா? கவுத்து வைங்க. இனிமே சொல்றது பலகைக்கு இல்ல.

மாசி மகத்தன்னைக்குக் காலையில மேளம் வர்றது கேக்குது. நான் வேட்டி சட்டை போட்டு, மூங்கிலோட கல்லுகிட்ட நிக்கிறேன். எஸ்.ஐ. எனக்குப் பின்னாடி, கொஞ்சம் தள்ளி. அந்தாண்ட அவங்க வாசல்ல தனக்கோடி அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில. பல்லக்கு வருது. முன் கொம்பு கோதண்டம். அவன் கொத்தனாரு. எம் பொண்டாட்டி செத்தப்ப சர்ச்சுலேருந்து பொணம் கொண்டு போற தூம்பா வண்டி வரல, கோதண்டமும் அவன் கூட்டாளிங்களும்தான் பெட்டியைத் தோள்ல சுமந்து கல்லறை வரைக்கும் கொண்டு வந்தாங்க. மழை வேற அன்னைக்கு. வேர்த்து ஊத்துது அவனுக்கு இப்ப. எனக்கு ஆத்தாளைப் பார்க்கப் பாவமா இருந்தது, ஊரு எவ்வளவு பாவம் பண்ணியிருந்தா இந்தக் கனம் கனப்பான்னு.

கேட்டேன். பூசாரி பதில் சொன்னாரு. ஒரு சுத்து வந்தேன். வந்து, பல்லக்கை இறக்கி வைங்கடான்னேன்.

யாருக்கும் புரியல. எழுபது வருஷத்துல இறக்கச் சொன்னது கிடையாது. கோதண்டம் என்னைப் பார்க்கிறான், எனக்குப் பின்னாடி எஸ்.ஐ.யைப் பார்க்கிறான், மறுபடி என்னைப் பார்க்கிறான். முக்காலி வெச்சு இறக்கினாங்க. நான் ஆத்தாளைக் கும்பிட்டுக்கிட்டு, பட்டுத்துணியை ஓரமா விலக்கினேன். கொண்டி இருந்தது. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். வெறும் மரக்கட்டைக்கு எதுக்குக் கொண்டி? எண்ணெய் போட்டு, துரு இல்லாம, சத்தமில்லாம திறக்குது.

உள்ள பிராந்தி. வைக்கோல் போட்டு, முட்டை அடுக்குற மாதிரி அடுக்கி வெச்சிருக்குது.

கோதண்டம் குனிஞ்சு எங்காதுகிட்ட, பொண்ணு நிச்சயதார்த்தம் மாமா, ஆத்துக்கு அந்தாண்ட சம்பந்தி வீடு, அவ்வளவுதான்னு சொன்னான். அவன் அழுவல. அழுதிருந்தா எனக்கு சுலபமா இருந்திருக்கும். எட்டு ஆளுங்களும் தரையைப் பார்த்துட்டு நிக்கிறாங்க. எட்டு பேரும் எனக்கு மாமன் மச்சான் முறை வெச்சுக் கூப்பிடறவனுங்க. பின்னாடி பூட்ஸ் சத்தம். எஸ்.ஐ. ஒரு அடி முன்னால வர்றாரு.

‘என்ன பெரியவரே, ஏதாச்சும் இருக்கா?’

நான் மூடியை மூடிட்டேன். கொண்டியைப் போட்டேன். பட்டுத்துணியை இழுத்து விட்டேன். பதில் சொல்லணும், வாயைத் திறக்கிறேன், சத்தம் வரல. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. சனங்க பார்க்கிறாங்க, எஸ்.ஐ. பார்க்கிறாரு. பயம்மா. உண்மையைச் சொல்றதுக்கென்ன, அந்த மாதிரி பயந்தது கிடையாது நான். மின்கம்பத்து மேல ஏறி வேலை பார்த்தவன்.

அப்ப தனக்கோடி அக்கா எழுந்து வர்றாங்க. அவங்களுக்கு முட்டி போயி ரொம்ப நாளாச்சு, பாத்ரூமுக்கே புள்ளை பிடிச்சுட்டுப் போவான். அந்தம்மா தனியா, ஒரு செம்புல தண்ணியை எடுத்துக்கிட்டு, தெருவைத் தாண்டி வருது. தளும்பித் தளும்பிப் பாதி தண்ணி கீழ போச்சு. செம்பை என் கையில குடுத்தாங்க. குடிச்சேன்.

குடிச்சுட்டு, ‘சரியா இருக்கு’ன்னேன். மூங்கிலைத் தூக்கினேன்.

எஸ்.ஐ. கை தட்டினாரு. ஒரு வேதக்காரரு அம்மனுக்கு இவ்வளவு பயபக்தியா செய்றதைப் பார்த்து எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுன்னாரு. என்கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு. பல்லக்கு எங்களைத் தாண்டிப் போறப்ப கன்னத்துல போட்டுக்கிட்டாரு. திரும்பி வர்றப்ப அதே பல்லக்கு லேசா வந்தது, அவரே ஒரு நிமிஷம் தோள் குடுத்தாரு. ஆத்தா எவ்வளவு லேசுன்னு ஆச்சரியப்பட்டாரு. நான் அந்தப் பாவத்துக் கதையை அவருக்குச் சொன்னேன். வேற என்னத்தைச் சொல்ல?

அத்தோட விட்டிருக்கலாம். அவருக்கு இந்தச் சடங்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பலகை திறக்கிற அன்னைக்குக் கட்டாயம் வர்றேன், முழுசாப் படிக்கணும்னாரு. எனக்கு அப்பதான் இன்னொரு பயம் வந்தது. பலகைக்குத் தாடித் தம்பி எழுதினதுல பீடத்துக்கு அடியில பெட்டின்னு இருக்குது. படிச்சா அவரு சும்மா இருப்பாரா? அப்பவே பெட்டி இருந்ததுன்னா, பெரியவரு அன்னைக்கு எதைத் திறந்து பார்த்தாருன்னு கேப்பாரு இல்ல? கோதண்டம் பொண்ணுக்கு நிச்சயம் முடிஞ்சு இப்பதான் பத்திரிகை அடிச்சிருக்காங்க.

இதை நான் அந்தம்மாகிட்ட போயிச் சொல்லல. அவங்களே தாடித் தம்பிக்குப் போன் போட்டுட்டாங்க. வயசாயிடுச்சுப்பா, புத்தி தடுமாறுது, நான் சொன்னதெல்லாம் வேற ஊர்க் கதை, சாவடி சூசை மாதிரி நேர்மையான மனுஷன் கிடையாது, ஒரு துரும்பை விடமாட்டான், பெட்டியும் கிடையாது கிட்டியும் கிடையாதுன்னு. அதனாலதான் திருத்தி எழுதச் சொல்லி உங்க குழு இப்ப உங்களை அனுப்பியிருக்காங்க. அவங்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவாங்க. கோயில் தூணைத் தொட்டு சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவாங்க, அப்படிப்பட்டவங்க.

ஆக, நான் ஜெயிச்சுட்டேன். இல்லையா?

மறுநாள் சாயங்காலம் செம்பைத் திருப்பிக் குடுக்கப் போனேன். அந்த வாசப்படி ஏறி எத்தனையோ வருஷமாச்சு. உட்காரச் சொன்னாங்க. கொஞ்ச நேரம் அவங்க டீவியைப் பார்த்தாங்க, நானும் பார்த்தேன். நான்தான் கேட்டேன், எனக்குத் தண்ணி வேணும்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்னு.

அவங்க டீவியிலேருந்து கண்ணை எடுக்காமயே சொன்னாங்க. ‘உங்கப்பனுக்கும் நான்தான்டா குடுப்பேன். பத்து வயசு எனக்கு. ஒவ்வொரு வருஷமும் ஓரமாத் திறந்து பார்ப்பான், மூடுவான், அப்புறம் அவனுக்குப் பேச்சு வராது. கையெல்லாம் நடுங்கும். பாதித் தண்ணி சட்டையிலதான் ஊத்திக்குவான். அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொல்லுவான்.’

எங்கப்பாவுக்கு சர்க்கரை இருந்திருக்கும்மா. அந்தக் காலத்துல யாரு பரிசோதனை பண்ணாங்க? சர்க்கரைன்னா நாக்கு வறளும், கை நடுங்கும். நான் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்தும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். நான் செஞ்சது ஒரு தடவை, அதுவும் மாட்டிக்கிட்டு செஞ்சது. அவரு வேற. அவருக்குப் பின்னாடி துப்பாக்கியோட மேலதிகாரி நின்னிருப்பாரு, இந்த எஸ்.ஐ. மாதிரி பக்திமான் இல்ல. மாட்டியிருந்தா வேலை போயி, ஜெயிலு. எங்கம்மா வயித்துல நான். அந்த நெலைமையில ஒரு மனுஷன் வருஷா வருஷம் போயி அங்க நிப்பானா? தெரிஞ்சே நிப்பானா? பயந்த சுபாவம் அவரு. இடி இடிச்சா கதவைச் சாத்துவாரு.

பலகைக்குப் புதுசா எழுதிக் கொண்டாந்திருக்கீங்களே, அதைப் படிங்க, கேப்போம். கண்ணாடி உள்ள இருக்குது, நீங்களே படிங்க.

‘நேர்மை தவறாத எல்லைக் காவலர் சூசைநாதன்.’ ம். சரியாத்தான் இருக்குது. நான் கேட்டதுதான். இதுக்குத்தான் ஊரோட சண்டை போட்டேன்.

அதை எடுக்கச் சொல்ல மாட்டேன்மா. எடுக்க முடியாது, எஸ்.ஐ. வர்றாரு. நேர்மைன்னு இருக்கிறது அப்படியே இருக்கட்டும், கோதண்டம் பொண்ணு நல்லபடியாப் போயிச் சேரட்டும்.

அதுக்குக் கீழ கொஞ்சம் எடம் இருக்குமா? ‘நல்லவர்’னு ஒரு வார்த்தை போடணும். எதனாலன்னு யாராவது கேட்டா, மகன் கேட்டுக்கிட்டாருன்னு சொல்லிடுங்க. எழுத்து சின்னதா இருந்தாலும் பரவாயில்ல.